சுடாத தாடி

மரெஸ்கோவின் தாடியை நான் சுடவில்லை. அவன் உடுப்பைச் சுட்டேன், மண்டியிட்ட முழங்காலைச் சுட்டேன், கூப்பிய கைகளைச் சுட்டேன், விரலில் இருந்த மோதிரத்தைக்கூடச் சுட்டேன். தாடியையும் மீசையையும் புருவத்தையும் மட்டும் பச்சையாக விட்டேன். மறந்துபோய் விட்டதில்லை. இத்தனை வருஷமாகக் கண்ணாடியில் முகம் எழுதிப் பிழைக்கிறவளுக்கு அந்த மறதி வராது.

எங்கள் சாயம் இரும்புத்தூளும் கண்ணாடித்தூளும் கோந்தில் குழைத்தது. எழுதிக் காய்ந்தால் பார்ப்பதற்குக் கல்போல இருக்கும், நகத்தால் தட்டினாலும் அசையாது. ஆனால் சூளையில் வைத்துச் சுட்டால்தான் அது கண்ணாடியோடு உருகி ஒட்டும். சுட்டது ஐந்நூறு வருஷம் நிற்கும். சுடாதது ஈரத்துணி படும்வரை நிற்கும்.

எங்கள் ஊர் பிரான்சில் ஷாந்த்ரெல். கோயில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருஷம் ஜூன் மாதம் இடிந்தது. ரயில் பாதைக்குப் போட்ட குண்டு கோயிலில் விழுந்தது. எங்களை விடுவிக்க வந்தவர்கள் போட்ட குண்டு என்பதால் வாய்விட்டுத் திட்டவும் வழியில்லாமல் போயிற்று. கூரை போனது, மணிக்கூண்டு போனது, வடக்குச் சுவர் தரைமட்டம். தெற்குச் சுவரில் மாதா ஜன்னலின் கல் சட்டம் மட்டும் அப்படியே நின்றது. விரல் கனத்தில் செதுக்கிய கற்கொடிகள், உச்சியில் கல் பூ, ஒன்றுக்கும் சேதம் இல்லை. சுவரே இல்லாத இடத்தில் ஜன்னல் மட்டும் நிற்பதைப் பார்க்கப் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்தார்கள்.

"வாசல்ல நின்ன கல்லு அப்போஸ்தலர் அத்தனை பேருக்கும் தலை போச்சு மதினி, இந்த ஒல்லிக் காம்புக்கு ஒரு கீறல் இல்ல பாரு," என்பான் கொத்தன் உர்பேன். என் கணவரின் சித்தப்பா மகன் அவன். "கடவுளுக்கு ஆளுங்களவிட ஜன்னல் மேலதான் பாசம்போல."

அந்த ஜன்னலுக்குள் இருந்த பழைய கண்ணாடியும் பிழைத்தது. அதைப் பிழைக்கவைத்தவர் என் கணவர் ரெமி.

முப்பத்தொன்பதில், போர் அறிவித்ததும், ரெமியும் நானும் சாரம் கட்டி ஏறிக் கண்ணாடியைக் கழற்றினோம். உதவிக்கு ஆள் கிடையாது, ஆண்கள் எல்லாரும் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். ரெமிக்கு ஒரு காது கேட்காது என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. மாதா ஜன்னலின் கீழ்மூலையில் ஒரு பிரபு மண்டியிட்டிருப்பார். ஜன்னலுக்குச் செலவு செய்தவரை அப்படிக் கைகூப்பிய கோலத்தில் கீழே எழுதிவைப்பது இங்கே தொன்றுதொட்ட வழக்கம். அவர் பேர் யாருக்கும் தெரியாது. மூக்கை வைத்து ஊரே முள்ளங்கிப் பிரபு என்று கூப்பிடும். அவரைக் கழற்றும்போது கண்ணாடித் துண்டுகளைப் பிணைத்திருந்த பழைய ஈயப்பட்டி விட்டுக்கொடுத்து, முகம் ரெமியின் கையிலேயே கண்ணிலிருந்து தாடைவரை விண்டுபோயிற்று. மனுஷர் சாரத்தின் மேல் உட்கார்ந்து அழுதேவிட்டார். அன்று சாயங்காலமே பட்டறையில் வைத்து விரிசல் மேல் ஒரு மெல்லிய ஈயக்கோடு கட்டினார். காலையில் பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டோம். அந்தக் கோட்டைப் பார்த்தது அவரும் நானும் மட்டும்தான்.

பெட்டிகளைக் குன்றுக்கு அடியில் கல் வெட்டி எடுத்த பழைய குடைவுகளுக்குள் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடத்தில் வைத்து, முன்னால் கல் அடுக்கி மறைத்தோம். முள்ளங்கிப் பிரபுவின் பெட்டி இருந்த குடைவுக்குப் பக்கத்துக் குடைவில் மரெஸ்கோ காளான் வளர்த்தான். அதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரனை யார் சந்தேகப்படுவார்கள்?

நாற்பத்து மூன்றில் ஜெர்மானியர்கள் குடைவுக்கு வந்தார்கள். தேடவே இல்லை, நேராக அந்தச் சுவருக்குப் போய் இடித்து, அந்த ஒரு பெட்டியை எடுத்தார்கள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து மற்றவை எங்கே என்று கேட்டார்கள். ரெமி கேட்காத காதைக் காட்டிக்கொண்டு நின்றார். அடித்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. ரயிலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். ஒரு முகாமில் செத்தார் என்று கூட இருந்தவர் ஒருவர் பிற்பாடு வந்து சொன்னார். எங்கே புதைத்தார்கள், புதைத்தார்களா இல்லையா, எதுவும் தெரியாது.

போர் முடிந்ததும் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிற்று. முதல் பெட்டியை ரெமியே ஜெர்மானியனுக்கு விற்றானாம், மிச்சத்துக்கு விலை படியாததால் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். கிளப்பியவன் மரெஸ்கோ. "நான் அந்தப் பெட்டியக் கண்ணாலகூடப் பாத்ததில்லப்பா, அப்ப தங்கச்சி வீட்ல இருந்தேன், கேள்விப்பட்டதச் சொல்றேன்," என்று எல்லா இடத்திலும் சத்தியம் செய்தான். நம்பினார்கள். செத்தவர் வந்து பதில் சொல்லப்போகிறாரா என்ன?

போரில் செத்தவர்களின் பேர் வெட்டிச் சதுக்கத்தில் கல் நட்டபோது ரெமியின் பேரை விட்டுவிட்டார்கள். ஆண்டுதோறும் நவம்பர் பதினொன்றாம் தேதி, அவர்களை நினைக்கும் நாளில், பூசை முடிந்து எல்லாரும் அந்தக் கல்லைச் சுற்றி நிற்போம். மேயர் ஒவ்வொரு பேராக வாசிப்பார். ஒவ்வொரு பேருக்கும் ஊரே சேர்ந்து, "பிரான்சுக்காக உயிர் கொடுத்தார்," என்று சொல்லும். நானும் நின்று மற்ற பெண்களின் புருஷன்களுக்கெல்லாம் சொல்லுவேன். என் புருஷனுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்தக் கல்லில் ஒரு பேர், அதற்கு ஊர் வாயிலிருந்து ஒரு வரி. அதற்குள் மரெஸ்கோவே மேயராகிவிட்டான். வாசிக்கிறவனும் அவன்தான். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

ஐம்பத்தொன்றில் கோயிலுக்குச் சுவரும் கூரையும் வந்துவிட்டன. ரெமி ஒளித்த கண்ணாடியை வெளியே எடுத்து, பிழைத்த கல் சட்டத்துக்குள் திரும்பப் பொருத்தும் வேலை. மாதா வந்தாள், தேவதூதர்கள் வந்தார்கள். கீழ்மூலை மட்டும் காலி. செலவை நான் ஏற்கிறேன், அந்த மூலையில் என்னை எழுதுங்கள் என்றான் மரெஸ்கோ. பங்குச் சாமியார் ஊருக்குப் புதியவர், சின்ன வயசு. என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் ஒப்புக்கொண்டேன். ரெமி உயிரைக் கொடுத்துக் காத்த கண்ணாடியில் வேறொருத்தன் கை படுவதை என்னால் தாங்க முடியாது. பெட்டியைக் காட்டிக்கொடுத்தது யார் என்றும் அப்போது எனக்குத் தெரியாது. பேச்சைக் கிளப்பினவன் என்ற கோபம் மட்டும் இருந்தது.

முகம் வரைந்து எடுப்பதற்கு அவன் வீட்டுக்குப் போனேன். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு, மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். மனைவி பெர்த் பக்கத்தில் நின்று தாடியைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"தாடி நல்லா அடர்த்தியா வரணும்மா ஒனோரின். நூறு வருஷம் கழிச்சுப் பாக்கறவனும் மரெஸ்கோன்னு சொல்லணும்."

"சொல்லுவாங்க மேயர் ஐயா."

"மோதிரத்த விட்றாத. எங்க அப்பா மோதிரம்."

"போட்டுடறேன்."

"இன்னொன்னு. மூஞ்சில எங்கயும் ஈயக்கோடு வரக்கூடாது, ஆமா. முள்ளங்கிப் பிரபுக்கு இருந்திச்சே, கண்ணுலேந்து தாடவரைக்கும், வெட்டுக்காயம் கணக்கா ஒரு கோடு? அது மாதிரி அசிங்கமா எனக்கு வேணாம்."

கரித்துண்டு என் விரலில் அப்படியே நின்றது. பெர்த் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "ஒரே கண்ணாடியில எழுதறேன் மேயர் ஐயா, கோடே வராது," என்றேன். வரைந்து முடித்தேன். அவள் கொடுத்த காப்பியைக்கூடக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன்.

உர்பேன் கோயில் வாசலில் தலை போன அப்போஸ்தலருக்குக் கழுத்தைச் சீர்செய்துகொண்டிருந்தான். அவனிடம் சொன்னேன். அவன் பெரிய சுத்தியலை எடுத்துத் தோளில் வைத்தான்.

"எங்கடா போற?"

"மேயரப் பாக்க. அவனும் தலை இல்லாம நிக்கட்டும்."

"வெய்யிடா கீழ. நீ ஜெயிலுக்குப் போவ, அவன் தியாகி ஆயிடுவான். அந்தக் கல்லுல அவன் பேரையும் வெட்டுவாங்க."

"அப்ப என்ன செய்யச் சொல்ற மதினி? ஊரக் கூட்டிச் சொல்லு."

"நான் சொன்னா எவ நம்புவா? திருடன் பொண்டாட்டின்னு பேசறவளுங்க. அவனே சொல்லட்டும். அவன் வாயாலயே ஊர் முழுக்கச் சொல்லட்டும்."

உர்பேன் முதலில் முழித்தான். புரிந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அந்தக் கோடைக்காலம் முழுக்க அவன் செய்த வேலை அதுதான். மதுக்கடையில் மரெஸ்கோ உட்கார்ந்த உடனே பக்கத்தில் போய், "மேயர் ஐயா, மூஞ்சி எப்படி வருது? ஈயம் கீயம் போட்டுட்டாளா?" என்று கிண்டுவான். அவனும் பெருமையாகத் தொடங்கிவிடுவான். முள்ளங்கிப் பிரபுவின் வெட்டுக்காயம், கண்ணிலிருந்து தாடைவரை, அசிங்கம், தனக்கு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ரொட்டிக் கடையில் சொன்னான், சந்தையில் சொன்னான், சாமியாருக்கு விருந்து வைத்தபோதும் சொன்னான். ஊரில் அதைக் கேட்காத காது கிடையாது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் முன்னால் கழற்றிய பழைய முகத்தில் என்ன கோடு இருந்தது என்று யார் யோசித்துப் பார்ப்பார்கள்?

நான் பட்டறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதினேன். முதலில் ரெமியை எழுதினேன். ஒட்டிய கன்னம், நீள மூக்கு, கேட்கிற காது பக்கமாகச் சற்றுச் சாய்ந்த தலை. படம் பார்த்து எழுதவில்லை, படம் எனக்குத் தேவைப்படவும் இல்லை. அதைச் சூளையில் வைத்துச் சுட்டேன். ஆறியதும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் மேலேயே மரெஸ்கோவை எழுதினேன். கண்ணாடியில் இருட்டைக் கூட்டத்தான் முடியும், வெளிச்சத்தைக் கூட்ட முடியாது. மரெஸ்கோவிடம் இருந்ததெல்லாம் இருட்டுத்தானே? மயிரும் மடிப்பும்தான். அடர்ந்த புருவம், கண்ணுக்குக் கீழே பைகள், கன்னத்தை மூடிய தாடி. எல்லாவற்றையும் எழுதி, சுடாமல் காயவைத்தேன். கீழே பேருக்கான கண்ணாடிப் பட்டியில் அவன் பேரையும் அப்படியே பச்சையாக எழுதினேன். கைகளை மட்டும் ரொம்பச் சிரத்தையாக எழுதி, தனியாகச் சுட்டேன்.

ரெமியின் முகத்தை அவனுக்குள் பூட்டிவைத்ததற்காக ரெமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மரெஸ்கோவிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்டில் மாதா திருநாளுக்குத் தீர்த்தம் தெளித்து ஜன்னலை மந்திரித்தார்கள். அந்த மூலை கீழே இருந்ததால் பெஞ்சு மேல் ஏறினால் கைக்கு எட்டும். ஆளாளுக்கு வந்து மேயரையும் கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்து மெச்சினார்கள். வெயில் காலம், காய்ந்த காற்று, தாடி கம்பீரமாக நின்றது. நான் சாமியாரிடம் போய், குளிர் வரும்போது கணப்பு அடுப்பை மேயர் குடும்பத்து பெஞ்சுப் பக்கம் வைத்தால் மரியாதையாக இருக்கும் என்றேன். மரெஸ்கோவுக்கு வாயெல்லாம் பல். "ஒனோரினுக்குத்தான்யா பெரியவங்களுக்கு மரியாத தெரியும்," என்றான்.

நவம்பர் பதினொன்று. வெளியே வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. உள்ளே அடுப்பு கனன்றது. ஊரே ஈரக் கோட்டோடு வந்து நெருக்கி உட்கார்ந்ததில் பாதிப் பூசைக்குள் ஜன்னல் வியர்க்கத் தொடங்கியது. மாதா மேல் நீர் ஓடிற்று, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேவதூதர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மரெஸ்கோவின் மீசையிலிருந்து மட்டும் கறுப்பாக ஒரு சொட்டு இறங்கிற்று.

பெர்த்தான் முதலில் பார்த்தாள். "என்னங்க, உங்களுக்கு ஒழுகுது," என்று முழங்கையால் இடித்தாள்.

"எனக்கா?"

"உங்க மூஞ்சி. மேல பாருங்க."

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவன் சும்மா இருந்திருக்கலாம். பூசை முடியட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் தன் முகத்தில் அழுக்கு என்றால் அவனுக்குப் பொறுக்காது, அது எனக்குத் தெரியும். சாமியார் திரும்புவதற்குள் பெஞ்சு மேல் ஏறினான், கைக்குட்டையை எடுத்தான், துடைத்தான். மீசை வந்துவிட்டது. பதறிப்போய் அழுத்தித் துடைத்தான். தாடி வந்துவிட்டது. சிரிப்பு பரவியது. அவன் வெறி பிடித்தவன் மாதிரி இரண்டு கையாலும் தேய்த்தான்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தெற்கு வெயில் நேராக அடித்தது. அங்கே ரெமி இருந்தார்.

"ஐயோ, ரெமிடா," என்றது யாரோ ஒரு கிழவர் குரல்.

மரெஸ்கோ என்னைப் பார்த்துத் திரும்பினான். முகமெல்லாம் கறுப்பு. "சூனியக்காரி! திருடன் மூஞ்சியக் கோயில்ல வெச்சிருக்கியா? சாமி, பாத்தீங்களா?"

நான் எழுந்து நின்றேன்.

"மேயர் ஐயா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். முள்ளங்கிப் பிரபு மூஞ்சில கோடு இருந்திச்சுன்னீங்களே, எங்க பாத்தீங்க?"

"ஊருக்கே தெரியும்! ஜன்னல்ல இருந்திச்சு!"

"ஜன்னல்ல இல்ல. கழட்டும்போதுதான் ஒடஞ்சுது. எம் புருஷன் அன்னிக்குச் சாயங்காலம் கட்டினாரு, காலைல ஆணி அடிச்சாச்சு. பெட்டியத் தொறந்தவனுக்குத்தான் அந்தக் கோடு தெரியும். நீங்க பெட்டியக் கண்ணாலகூடப் பாக்கலயே?"

உர்பேன் எழுந்து சாமியாரின் உடைமாற்றும் அறைக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைக் கையோடு எடுத்துவந்தான். போருக்கு முன் எடுத்த ஜன்னல் படம். அதே படம்தான் அஞ்சலட்டையாக அச்சடித்து ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிறது. "எல்லாரும் பாத்துக்குங்க. மூஞ்சில கோடு இருக்கா? கண்ணு தெரியாதவங்க வீட்டுக்குப் போய் அலமாரியத் தொறந்து பாருங்க," என்றபடி வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு போனான். கோடு இல்லை. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி மேயரைப் பார்த்தார்கள். அந்தக் கோடையில் அவன் எங்கெங்கே உட்கார்ந்து அதைச் சொன்னான் என்று அவரவருக்கு நினைவு வந்துகொண்டிருந்தது.

"ஜெர்மன்காரங்க என் குடைவப் பறிக்க வந்தாங்க!" மரெஸ்கோ பெஞ்சு மேலிருந்தே கத்தினான். "பீரங்கிக் குண்டு அடுக்கறதுக்கு! எனக்குப் பொழப்பே அதுதான். ஒரு பெட்டிய, ஒரு கண்ணாடிப் பெட்டியத்தான் காட்டினேன். கண்ணாடியத்தான் குடுத்தேன், மனுஷனக் குடுக்கல!"

"காளானுக்காகக் குடுத்த," என்றேன். "அப்புறம் அவர் பேரையும் எடுத்துக்கிட்ட."

பெர்த் எழுந்து பெஞ்சை விட்டு வெளியே போனாள். அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அவன் இறங்கியபோது ஒருவரும் கை கொடுக்கவில்லை. நான் அவன் நின்ற இடத்தில் ஏறி, கட்டைவிரலில் எச்சில் தொட்டு, பட்டியில் இருந்த அவன் பேரைத் துடைத்தேன். சாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

சதுக்கத்தில் அன்று பேர்களை உர்பேன் சொன்னான். எல்லாப் பேரும் அவன் உளியால் வெட்டியது, காகிதம் தேவைப்படவில்லை. கடைசிப் பேரும் முடிந்தது. கொஞ்சம் நிறுத்தி, வெறும் கல்லைத் தடவிக்கொண்டே, "ரெமி கார்லியே," என்றான். ஊர் ஒரு கணம் தயங்கியது. பிறகு சொன்னார்கள், எல்லாரும் சேர்ந்து. இத்தனை வருஷமாகக் கேட்கக் காத்திருந்த வரி அது. கல்லின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவள் என்று பேர் வாங்கியிருப்பேன்.

டிசம்பரில் மரெஸ்கோ பட்டறைக்கு வந்தான். பதவியை விட்டிருந்தான். தாடியை மழித்திருந்தான், ஆளே பாதி ஆகியிருந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"ஒனோரின். மூஞ்சி போனது போகட்டும். பேரும் போகட்டும். அந்தக் கையை எடுத்துடும்மா."

"எந்தக் கைய?"

"உனக்குத் தெரியும். மோதிரத்தோட இருக்கே. பூசைக்கு வர்ற குழந்தைங்கல்லாம் விரல நீட்டி, அந்தாளு கைதான் பெட்டியத் தொறந்த கைன்னு சொல்லுதுங்க. என் பேரன் அழுதுகிட்டு வர்றான். ஈரத்துணியால நானே தொடச்சுப் பாத்துட்டேன், போகமாட்டேங்குது."

"போகாது மேயர் ஐயா," என்றேன். "அத நான் சுட்டுட்டேன்."

நான் சூளைக் கதவைத் திறந்து, ரெமியின் பேர் எழுதிய புதுக் கண்ணாடிப் பட்டியை உள்ளே வைத்தேன்.